பார்க்க: பிரிவு 7.3

மக்களே, முதல்லயே ஒரு எச்சரிக்கை. இது ஆபீஸ்ல நான் புடுங்கற ஆணியைப் பத்தின பதிவு. சினிமா, அரசியல், சாப்பாடு எதுவும் கிடையாது. ஆனா வீட்ல ஒரு வாஷிங் மெஷினோ இன்வெர்ட்டரோ வாங்கி, அதோட வந்த புத்தகத்தை ஒரு தடவையாவது புரட்டினவங்களுக்கு இதுல சம்பந்தம் உண்டு. அந்தப் புத்தகத்துல "விவரங்களுக்கு பிரிவு 7.3 பார்க்க"ன்னு ஒரு வரி வரும் இல்லையா? அந்த ஒரு வரியைப் பத்தித்தான் இந்தப் பதிவு முழுக்க.

நான் டெக்னிக்கல் ரைட்டர். கல்யாண வீட்ல இதைச் சொன்னா, "ரைட்டரா? கதை எழுதுவீங்களா, இல்ல ஸ்டேஷன் ரைட்டரா?"ன்னு கேக்கறாங்க. ரெண்டும் இல்லீங்க. மெஷினை எப்படி நிறுவறது, எப்படி ஓட்டறது, எப்படி ரிப்பேர் பண்றதுன்னு புத்தகம் எழுதற வேலை. இந்த வேலையில எழுதறது பாதிதான். மீதிப் பாதி, எழுதினதுல ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் முடிச்சு போடறது. போட்ட முடிச்சு அவிழாம பாத்துக்கறது அதை விடப் பெரிய வேலை.

இதுல என்ன கஷ்டம்னு கேக்கலாம். சென்னையில வீடு தேடி அலைஞ்சிருக்கீங்களா? "பழைய எண் 12, புதிய எண் 27"ன்னு போர்டு இருக்கும். எப்பவோ ஒருநாள் மாநகராட்சி வீடுகளை மறுபடி எண்ணினாங்க. வீடு நகரலை, ஆள் மாறலை, நம்பர் மட்டும் மாறிடுச்சு. பழைய நம்பரை எழுதி வச்சிருக்கறவர் தெருவுல நின்னு முழிக்கிறார். அதை விட மோசம், பழைய 27 வேற ஒரு வீடு. அங்க போய் காலிங் பெல் அடிச்சா கதவு திறக்கும். யாரோ ஒருத்தர் வந்து நிப்பார். நாம தேடி வந்தவர் இல்லை, அவ்வளவுதான் :-)

"பிரிவு 7.3 பார்க்க"ங்கறதும் இதே கதைதான். 5-க்கும் 6-க்கும் நடுவுல புதுசா ஒரு அத்தியாயம் நுழைஞ்சா, 7.3 தானா 8.3 ஆயிடும். பழைய 7.3-ல இப்ப வேற எதோ உக்காந்திருக்கும். கையால எழுதின "7.3" மட்டும் அப்படியே நிக்கும்.

ஆக, இடத்தை வச்சுச் சுட்டறதா, பேரை வச்சுச் சுட்டறதாங்கறதுதான் கேள்வி. இது கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்த பிரச்சனைன்னு நெனச்சுடாதீங்க. பிளேட்டோவைப் படிக்கிறவங்க இன்னைக்கும் ஒரு விசித்திரமான எண் போடுவாங்க. 514a அப்படிம்பாங்க. எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் ஓரத்துல அந்த எண் இருக்கும். அது 1578-ல் ஹென்றி எஸ்தியேன் என்கிற அச்சகக்காரர் போட்ட பதிப்போட பக்க எண். அந்தப் பதிப்பை நம்மில் யாரும் கண்ணால பாத்திருக்க மாட்டோம். ஆனா அதோட பக்க எண் நாலு நூற்றாண்டு தாண்டி ஓடிக்கிட்டிருக்கு. ஏன்? அந்தப் பதிப்பு இனிமே மாறாது. இடம் மாறவே மாறாதுன்னா, இடமே பேரா ஆயிடலாம்.

நம்ம குறளையே எடுத்துக்குங்க. அதிகாரத்துக்குள்ள குறள்களோட வரிசை உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறும். மணக்குடவர் வரிசை வேற, பரிமேலழகர் வரிசை வேற. பரிமேலழகர் வரிசை நிலைச்சதாலதான் இன்னைக்கு நாம ஒரு எண்ணைச் சொன்னா உலகத்துல எந்த மூலையில இருக்கற தமிழனும் அதே குறளை எடுக்கறான். மணக்குடவர் உரையை அவர் வரிசையிலயே படிக்கிறவர், அந்த எண்ணை மட்டும் நம்பினா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிடுவார்.

எங்க புத்தகங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை மாறும். அதனால இடத்தை நம்ப முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பேர் வைக்கணும். சுட்டும்போது அந்தப் பேரைச் சொல்லணும். எண்ணையும் தலைப்பையும் மெஷின் கண்டுபிடிச்சுப் போட்டுக்கணும்.

ஒவ்வொரு மென்பொருளும் இதை ஒவ்வொரு விதமா செய்யுது. லேடெக்ல ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினவங்களுக்கு நல்லாவே தெரியும். லேபிள்னு ஒரு பேர் வைப்பீங்க, ரெஃப்னு சொல்லிக் கூப்பிடுவீங்க. முதல் ஓட்டத்துல எது எந்த எண்ணுன்னு ஒரு துணைக் கோப்புல எழுதி வச்சுக்கும். ரெண்டாவது ஓட்டத்துலதான் அதைப் படிச்சு சரியான எண்ணைப் போடும். பேர் கிடைக்கலைன்னா, அந்த இடத்துல தடிமனா "??"ன்னு ரெண்டு கேள்விக்குறி வந்து நிக்கும். நிறைய பேர் இதைத் திட்டுவாங்க. எனக்கு அந்த ரெண்டு கேள்விக்குறி மேல பெரிய மரியாதை. "எனக்குத் தெரியலை சாமி"ன்னு அது நேர்மையா ஒத்துக்குது.

வேர்டுல வேற மாதிரி. தலைப்பை வச்சு முடிச்சு போடலாம். ஆனா அந்த எண்ணைப் புதுப்பிக்கச் சொல்லி நாமதான் எஃப்9 அமுக்கணும். மறந்தா பழைய எண்ணே நிக்கும். தலைப்பையே யாராவது அழிச்சிருந்தா, புதுப்பிச்ச உடனே "எர்ரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்"னு வரும். அச்சடிச்ச அறிக்கைகள்லயே இந்த வரியை நான் பாத்திருக்கேன். நீங்களும் பாத்திருப்பீங்க.

ஃப்ரேம்மேக்கர்ல இன்னொரு சங்கதி. வேற கோப்புக்குப் போற சுட்டி, அந்தக் கோப்போட பேரையும் ஞாபகம் வச்சிருக்கும். புத்தகத்துக்குள்ள இருந்தே பேரை மாத்தினா எல்லாச் சுட்டியையும் அதுவே சரிபண்ணிடும். வெளிய போய் விண்டோஸ் ஃபோல்டர்ல பேரை மாத்தினீங்கன்னா, போச்சு. அதுக்குத் தெரியாம வீடு மாத்தின கதைதான்.

ஒரே புத்தகத்துக்குள்ள இவ்வளவு பாடுன்னா, ஒரு புத்தகத்துல இருந்து இன்னொரு புத்தகத்துக்குச் சுட்டறது இன்னும் சுகம். எக்ஸ்எம்எல்ல எழுதினா ஒரு பாதுகாப்பு உண்டு. ஒரு ஆவணத்துக்குள்ள இல்லாத பேரைச் சுட்டினா, சரிபார்க்கும்போதே கத்தும். ஆனா அந்தக் காவல் அந்த ஆவணத்தோட வாசல் வரைக்கும்தான். பக்கத்துப் புத்தகத்துல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

டாக்புக்ல இதுக்கு ஓலிங்க்னு ஒண்ணு வச்சாங்க. எந்தப் புத்தகம், அதுக்குள்ள எந்தப் பேர்னு ரெண்டையும் சொல்லணும். ஒவ்வொரு புத்தகமும் முதல்ல தன்கிட்ட என்னென்ன பேர் இருக்கு, அதோட தலைப்பு என்ன, எண் என்னன்னு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கும். எல்லாப் பட்டியலையும் ஒரு இடத்துல சேர்த்து வைப்போம். அப்புறம்தான் நிஜமான ஓட்டம். லேடெக்கோட ரெண்டு ஓட்டம்தான், ஊருக்கே சேர்த்து வச்ச வாக்காளர் பட்டியல் மாதிரி.

அதுக்கப்புறம் டிட்டா. ஐபிஎம்ல பொறந்து 2005-ல் ஒயாசிஸ் தரமா ஆன விஷயம். இதுல புத்தகமா எழுத மாட்டோம், சின்னச் சின்ன தலைப்பா எழுதுவோம். ஒரே தலைப்பு நாலு புத்தகத்துல வரும். அப்ப புதுசா ஒரு தலைவலி. "பேட்டரியைக் கழற்றும் முறை பார்க்க"ன்னு ஒரு தலைப்புல எழுதியாச்சு. சின்ன மெஷின் புத்தகத்துல அது ஒரு முறை, பெரிய மெஷின்ல வேற முறை. எதைச் சுட்டறது?

2010-ல் வந்த 1.2 பதிப்புல இதுக்கு 'கீ'ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. எங்க ஜூனியர் பசங்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கற விதம் இதுதான்: வீட்ல "பெரியப்பாவைக் கேளு"ன்னு சொல்றோம். ஆள் பேர் சொல்றதில்லை. எந்த வீட்ல நின்னு சொல்றோமோ, அந்த வீட்டுப் பெரியப்பா. வார்த்தை ஒண்ணு, ஆள் வேற. கீ-யும் அப்படித்தான். தலைப்பு உறவுமுறை மட்டும் சொல்லும், அது யாருன்னு அந்தந்தப் புத்தகம் முடிவு பண்ணிக்கும். 2015-ல் வந்த 1.3-ல இது பக்கத்துப் புத்தகத்துப் பெரியப்பா வரைக்கும் நீண்டுச்சு.

சரி, பாடம் போதும். இனிமேதான் விஷயத்துக்கே வர்றேன்.

முன்னாடி நான் இருந்த ஒரு இடத்துல டீசல் ஜெனரேட்டருக்குப் புத்தகம் பண்ணிக்கிட்டிருந்தோம். நிறுவ ஒண்ணு, ஓட்ட ஒண்ணு, பராமரிக்க ஒண்ணுன்னு 3 புத்தகம். அதுலயும் மாடலுக்கு மாடல் மாற்றம். அங்க ஒரு மேடம் இருந்தாங்க. அச்சகத்துல புரூஃப் பாக்கறதுல ஆரம்பிச்சு, ஓய்வு பெற கொஞ்ச வருஷமே பாக்கி இருந்தவங்க. அவங்ககிட்ட ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கும். ஸ்கேல் வச்சு கோடு போட்டு 3 பத்தி. முதல் பத்தி, எங்கிருந்து. ரெண்டாவது, எங்கே. மூணாவது பத்தியில, அங்க போறவனுக்கு என்ன கிடைக்கணும்னு எழுதியிருப்பாங்க. "ஆயில் அளவு தெரியணும்." "எந்த ஸ்பேனர்னு தெரியணும்." இப்படி ஒவ்வொரு சுட்டிக்கும் ஒரு வரி.

பழைய கோப்புகளை எல்லாம் எக்ஸ்எம்எல்லுக்கு மாத்தினப்ப, அந்த நோட்டுக்கு வேலை போயிடுச்சுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. எங்கிருந்து, எங்கேங்கறதை மெஷின் பாத்துக்கும். தினமும் ராத்திரி ஓட்டம் நடக்கும், காலையில அறிக்கை வரும். ஆரம்பத்துல அறிக்கை முழுக்க உடைஞ்ச சுட்டிகள். ஒவ்வொண்ணா சரிபண்ணி, ஒருநாள் காலையில பூஜ்யம். மேனேஜர் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

மேடம் மட்டும் சமோசாவைத் தின்னுக்கிட்டே பிடிஎஃபையும் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு உக்காந்துட்டாங்க. "எல்லாம்தான் சரியா இருக்கே மேடம்"னேன். "கதவு திறக்குதுப்பா, உள்ள யாரு இருக்காங்கன்னு பாக்கணும் இல்ல"ன்னாங்க.

மூணாம் நாள் கூப்பிட்டாங்க. பராமரிப்புப் புத்தகத்துல ஃபேன் பெல்ட் மாத்தற பகுதி. முதல் படி: "செட்டைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டு வரவும். பார்க்க:"னு ஒரு சுட்டி. அமுக்கினா சரியா அந்தத் தலைப்புக்குத்தான் போச்சு. எண் சரி, தலைப்பு சரி, பக்கம் சரி. ஆனா அந்தத் தலைப்பு ரொம்ப நீளமா இருக்குன்னு குழுவில ஒருத்தர் அதை ரெண்டா பிரிச்சிருந்தார். நல்ல எண்ணத்துலதான், நீளமான தலைப்பைப் பிரிங்கன்னுதான் எங்க விதிமுறையும் சொல்லுது. பிரிச்சப்ப பழைய பேர் முதல் பாதியோடயே தங்கிடுச்சு. முதல் பாதியில இருந்தது, லோடை எடுத்துட்டு இன்ஜினை நிறுத்தற முறை. கண்ட்ரோலை ஆஃப்ல வச்சு பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்ற பகுதி ரெண்டாம் பாதிக்குப் போயிடுச்சு. அதுக்குப் புதுப் பேர். அந்தப் பேரை யாருமே சுட்டலை.

மேடம் நோட்டுல மூணாம் பத்தியில இருந்தது ஒரே வரி: "பேட்டரி கழற்றணும்னு தெரியணும்."

ஜெனரேட்டர் தெரியாதவங்களுக்கு ஒரு விளக்கம். அபார்ட்மென்ட், ஆஸ்பத்திரி எல்லாம் வச்சிருக்கற நிறைய செட்டுகள்ல ஏஎம்எஃப் பேனல்னு ஒண்ணு இருக்கும். கரண்ட் போனா, யாரும் தொடாமலே இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகறதுக்கு. ஒருத்தர் மூடியைக் கழற்றி ஃபேன் பெல்ட்ல கை வச்சிருக்கற நேரத்துல தெருவுல கரண்ட் போச்சுன்னு வைங்க. நம்ம ஊர்ல கரண்ட் போறதுக்கு நேரம் காலம் பாக்குமா? பேட்டரி இணைப்புல இருந்தா, மெஷின் தன் வேலையைச் செய்யும். கை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிடிச்சாச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னைக்கு அந்த அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பாத்தேன். உடைஞ்ச சுட்டிகள்: பூஜ்யம். அறிக்கை பொய் சொல்லலை. அதுகிட்ட கேட்ட கேள்விக்கு அது சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு. அதுகிட்ட கேட்டது முதல் ரெண்டு பத்தி மட்டும். மூணாம் பத்தியை யாருமே மெஷினுக்குச் சொல்லித் தரலை.

இங்கதான் அந்த ரெண்டு கேள்விக்குறி மேல எனக்கு இருக்கற மரியாதைக்குக் காரணம். உடைஞ்ச சுட்டி சத்தம் போடும், படிக்கிறவன் உஷாராயிடுவான், யாரையாவது கேப்பான். திறந்த கதவுக்குப் பின்னாடி தப்பான ஆள் நின்னா, படிக்கிறவனுக்கு சந்தேகமே வராது. சொன்ன இடத்துக்குப் போனேன், சொன்னதைப் படிச்சேன், முடிஞ்சதுன்னு திரும்பி வந்து மூடியைக் கழற்ற ஆரம்பிச்சிடுவான்.

அதுக்கப்புறம் அந்தக் குழுவுல சில வழக்கங்களைக் கொண்டு வந்தோம். இன்னைக்கு வரைக்கும் நான் போற இடமெல்லாம் அதைத் தூக்கிக்கிட்டுத்தான் போறேன்.

முதலாவது, ஒரு தலைப்புல கை வைக்கறதுக்கு முன்னாடி, அதை யார் யார் சுட்டறாங்கன்னு பட்டியல் எடுக்கணும். ஹைப்பர்டெக்ஸ்ட்ங்கற வார்த்தையை 1965-ல் அறிமுகப்படுத்தின டெட் நெல்சன், சுட்டின்னா ரெண்டு பக்கமும் தெரியணும்னு விடாப்பிடியா சொன்னவர். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் முன்வெச்ச வலை ஒருவழிப் பாதை. யாரை வேணா யார் வேணா கேக்காமலே சுட்டலாம். வலை அவ்வளவு வேகமா வளர்ந்ததுக்கு அது ஒரு பெரிய காரணம், பழைய சுட்டிகள் எல்லாம் செத்துக் கிடக்கறதுக்கும் அதேதான் காரணம். (2009-ல் ஜியோசிட்டீஸை மூடினப்ப எத்தனை பேர் பக்கங்கள்ல எத்தனை சுட்டி ஒரே நாள்ல அனாதையாச்சு!) ஆனா ஒரு நிறுவனத்துக்குள்ள ரெண்டு முனையும் நம்ம கையிலதானே இருக்கு? அங்கயும் ஒருவழியா ஓட்டறது சோம்பேறித்தனம். சுட்டறவங்க பட்டியல் கையில இருந்தா, தலைப்பைப் பிரிச்சவரே போய் அந்த ஏழெட்டு இடத்தையும் படிச்சுப் பாத்திருப்பார்.

ரெண்டாவது, பேர் வைக்கும்போது இடத்தைப் பேரா வைக்கக் கூடாது. "பிரிவு-7-3"ன்னு பேர் வச்சா நாளைக்கு அது 8.3-ல உக்காந்துக்கிட்டு எல்லாரையும் குழப்பும். "பேட்டரி-கழற்றல்"னு விஷயத்தைப் பேரா வைங்க. அந்த விஷயம் அங்கிருந்து வெளிய போச்சுன்னா, பேரும் கூடவே போகணும். எங்க கதையில நடந்ததே அதுதானே, பேர் பழைய வீட்லயே தங்கிடுச்சு.

மூணாவது, சுட்டிக்குப் பக்கத்துல மேடத்தோட மூணாம் பத்தியை ஒரு குறிப்பா எழுதி வைக்கிறது. எக்ஸ்எம்எல்ல அச்சுல வராத குறிப்பு எழுத வசதி இருக்கு. "இங்கிருந்து போறவனுக்கு இது தெரியணும்"னு ஒரே வரி. மெஷின் அதைப் படிக்காது. அடுத்து அந்தக் கோப்பைத் திறக்கறவர் படிப்பார்.

நாலாவதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். உயிருக்கு ஆபத்தான விஷயத்துக்கு "பார்க்க" போடவே போடாதீங்க. கையெல்லாம் கிரீஸோட, டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு நிக்கறவன் இன்னொரு பக்கத்தைப் புரட்ட மாட்டான். பேட்டரியைக் கழற்றுன்னு அங்கயே, அந்தப் படியிலயே சொல்லணும். எழுதறது ஒரு தடவை, அதை வேண்டிய இடத்துல எல்லாம் உள்ளேயே இழுத்துப் போட டிட்டாவுல கான்ரெஃப்னு வசதி இருக்கு. ஒரு இடத்துல திருத்தினா எல்லா இடத்துலயும் திருந்தும். படிக்கிறவனை நம்ம வசதிக்காக அலைய விடக் கூடாது.

மேடம் ஓய்வு பெற்ற அன்னைக்கு அந்த நோட்டை என்கிட்ட கொடுத்தாங்க. அதுல இருந்த பக்க எண் ஒண்ணு கூட இன்னைக்கு செல்லாது. மூணாம் பத்தி மட்டும் பெரும்பாலும் இன்னும் செல்லும். ஃபேன் பெல்ட் மாத்தறவன் பேட்டரியைக் கழற்றணும்ங்கறது எந்த மென்பொருள் வந்தாலும் மாறப் போறதில்லையே.

உங்கள்ல எத்தனை பேர் இந்த மாதிரி வேலையில இருக்கீங்கன்னு தெரியலை. மருந்து, பேங்க், சட்டம், பாடப் புத்தகம்னு எல்லா இடத்துலயும் "பார்க்க" இருக்கு. உங்க இடத்துல அந்த மூணாம் பத்தியை யார் பாக்கறாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்.

டிஸ்கி: இந்தப் பதிவுல வேணும்னேதான் ஒரு சுட்டி கூட வைக்கலை :-)